சரிவைப் பார்த்தேன், தண்ணீர் வரும் வழியைப் பார்க்கவில்லை

எங்கள் தோட்டம் கோத்தகிரிப் பக்கம். மொத்தம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், ஆனால் ஒரே மாதிரி நிலம் இல்லை. அறுபது சென்ட் தேயிலை, செங்குத்து. கொழுந்து எடுக்கும்போது ஒரு காலை ஊன்றி இன்னொரு காலை மடக்கித்தான் நிற்க முடியும். மீதி எண்பது சென்ட் அதன் பக்கத்திலேயே நீளமாக இறங்குகிறது, பார்க்க சாதுவான நிலம், கையில் டீ டம்ளரோடு மேலிருந்து கீழே சிந்தாமல் நடந்து போய்விடலாம். ஊரில் யாரைக் கேட்டாலும் மண் போகிற ஆபத்து அந்தச் செங்குத்துத் துண்டுக்குத்தான் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2021 அக்டோபரில் ஒரே ராத்திரியில் மண் போனது அந்தச் சாதுவான துண்டில்.

எப்படிப் போனது, அதற்குப் பிறகு ஒரு சரிவு நிலத்தை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். மலையில் தேயிலையை எடுத்துவிட்டு காய்கறி போடலாமா என்று யோசிக்கிற யாருக்காவது உதவும்.

பச்சைத் தேயிலை விலை நம் கையில் இல்லை, பல வருடம் பறிகூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போனது. அதனால் 2021 கோடையில் எண்பது சென்ட்டில் இருந்த வயசான செடிகளைப் பிடுங்கிவிட்டு கேரட் போடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கு இஷ்டமில்லை. அவர் கண்டிச் சீமையில், அதாவது இலங்கை மலைத்தோட்டப் பகுதியில் பிறந்தவர், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரைத் திருப்பி அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து நீலகிரியில் இறங்கிய குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. பிள்ளைப் பருவத்திலிருந்தே தேயிலைக்குள் நடந்தவர். பிடுங்காதே என்று அவர் சொல்லவில்லை, "கானை மட்டும் மூடாதே" என்றார். கான் என்றால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்கே வெட்டிவைத்திருக்கும் வாய்க்கால். எங்கள் எண்பது சென்ட்டில் அப்படி ஆறு கான் இருந்தது. இலையும் மண்ணும் விழுந்து பாதி தூர்ந்துபோய், எதற்கு இருக்கிறது என்றே தெரியாத மாதிரி கிடந்தது. பவர் டில்லர் ஓட்ட வந்தவருக்கு அது இடைஞ்சல். ஆறையும் மூடி, நிலத்தை ஒரே விரிப்பாக ஆக்கினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, போட்டோ கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

சரிவை அளக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது, அளந்தேன். போனில் சாய்வு காட்டும் ஒரு ஆப் இருந்தது, நீளமான பலகையைத் தரையில் போட்டு அதன்மேல் போனை வைத்தேன். 10 என்று காட்டியது. கையில் இருந்த ஒரு அட்டவணையில் 10-க்கு நேரே வரப்பு போட்டால் போதும் என்கிற மாதிரி இருந்தது. நிம்மதியாகிவிட்டேன். போன் காட்டியது டிகிரி, அட்டவணை சொன்னது சதவீதம், அதாவது நூறு அடிக்கு எத்தனை அடி இறக்கம் என்ற கணக்கு. 10 டிகிரி என்பது 17 சதவீதத்துக்கும் மேல். 16 முதல் 33 சதவீதச் சரிவுக்குப் படித்தளம் வெட்டித்தான் பயிர் செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லும் பரிந்துரை. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு என்று பார்க்காததால் என் நிலத்தை வேறொரு வகை நிலமாக நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆப்பை நம்புவதில்லை. கொத்தனாரின் ரசமட்டமும் பத்து அடி நீள ரீப்பர் கட்டையும் போதும். கட்டையின் ஒரு முனையை மேல் பக்கம் தரையில் வைத்து, ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்கும் வரை மறுமுனையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த முனையிலிருந்து நேர் கீழே தரை வரை டேப் வைத்து அளந்தால் எத்தனை அடி இறக்கம் என்று தெரியும், அதைப் பத்தால் பெருக்கினால் சதவீதம். எங்கள் கேரட் நிலத்தில் ஒன்றே முக்கால் அடி, அதாவது 17.5 சதவீதம். தேயிலைத் துண்டில் நாலரை அடி, 45 சதவீதம். ஒரே இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடக் கூடாது, மேல், நடு, கீழ் என்று ஆறேழு இடத்திலாவது அளக்க வேண்டும். மேலே தட்டையாக இருந்து கீழே போகப்போக வயிறு மாதிரி உப்பிச் செங்குத்தாகிற நிலம்தான் கீழ்ப்பகுதியில் அதிகம் அறுக்கும், சராசரி எண் அதைக் காட்டாது.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். விதை போட்டு பதினைந்து நாள் ஆகியிருந்தது. கேரட் முளைத்து நூல் நூலாக நின்றது, தரையில் வேறு ஒன்றும் இல்லை, டில்லர் ஓட்டிய மண் மாவு மாதிரி இருந்தது. போதாததற்கு பாத்தியை மேலிருந்து கீழாகச் சரிவு வாக்கில் போட்டிருந்தேன், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று இங்கே நிறைய பேர் அப்படித்தான் போடுவார்கள். சாயங்காலம் தொடங்கிய மழை ராத்திரி பத்து மணிக்கு மேல் கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தபோது பாத்திகளுக்கு நடுவே இருந்த நடைவழி எல்லாம் ஓடையாகியிருந்தது, பாத்தியின் நடுவிலும் விரல் விரலாகக் கீறியிருந்தது, கீழ் வேலியின் கம்புகள் முழங்கால் உயரத்துக்கு மண்ணில் புதைந்திருந்தன. பக்கத்திலேயே தேயிலைத் துண்டு, 45 சதவீதச் சரிவு, அதில் இலை கூட நகரவில்லை. அதன் கான்களில் தண்ணீர் தெளிவாக நின்றது.

அப்பா ஒன்றும் சொல்லாமல் கேரட் நிலத்தின் தலைப்பக்கம் போய் நின்றார். நானும் போனேன். மேல் தோட்டத்துக்காரர் நிலத்தின் ஓரமாக ஒரு சிறிய பள்ளம் இறங்கி எங்கள் வேலியில் முட்டுகிறது. அதற்கும் மேலே மண் சாலை, சாலையின் ஓரத் தண்ணீர் ஒரு வளைவில் அந்தப் பள்ளத்துக்குள் திரும்புகிறது. முன்பு அந்தத் தண்ணீரை எங்கள் முதல் கான் வாங்கி ஓடைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் மூடியிருந்தேன்.

எனக்கு இதில் கிடைத்த பெரிய பாடம் இதுதான்: சரிவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் எண்பது சென்ட்டில் விழுவதே 1,60,000 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் பதின்மூன்று லாரித் தண்ணீர். இது நம் நிலத்தில் விழுவது மட்டும். மேல் நிலமும் சாலையும் தங்கள் பங்கையும் அதே வழியில் அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் நம் எல்லை வேலியோடு முடிகிறது, தண்ணீரின் சரிவு வேலிக்கு மேலே எங்கோ தொடங்குகிறது.

எவ்வளவு மண் போனது என்று அளக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. மண்வளப் பாதுகாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார், அவர் வந்து முறையைக் காட்டினார். சரிவுக்குக் குறுக்கே பத்து மீட்டர் கயிறு பிடித்து, அந்தக் கயிற்றுக்கு அடியில் எத்தனை கீறல் ஓடுகிறது என்று எண்ண வேண்டும். பதினான்கு. ஒவ்வொன்றின் அகலமும் ஆழமும் அளந்தோம், சராசரி 12 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் ஆழம். பள்ளம் 'வி' மாதிரி இருந்ததால் பெருக்கி வந்ததில் பாதி, ஒரு கீறலுக்கு 36 சதுர சென்டிமீட்டர் வெட்டு. பதினான்குக்கு 504. அதைப் பத்து மீட்டர் அகலத்துக்குப் பரப்பினால் அரை சென்டிமீட்டர், அதாவது 5 மில்லிமீட்டர் மண். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். எண்பது சென்ட்டுக்குப் பெருக்கினால் 16 கன மீட்டர். மண் வாங்கி விற்கிற கணக்கில் யூனிட்டுக்கு நூறு கன அடி, ஐந்தரை யூனிட்டுக்கும் மேல். எடை இருபது டன்னைத் தாண்டும்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று கேட்டேன். துருவ நாராயணா, ராம் பாபு என்ற இரண்டு மண் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 1983-ல் போட்ட கணக்கின்படி இந்தியாவில் சராசரியாக ஒரு ஹெக்டேரிலிருந்து வருடத்துக்கு 16.35 டன் மண் போகிறது. எங்கள் எண்பது சென்ட்டுக்கு அது ஐந்து டன்னுக்குச் சற்று மேல். நாட்டின் சராசரி நிலம் நான்கு வருடத்தில் இழப்பதை நான் ஒரு ராத்திரியில் இழந்திருக்கிறேன். அதில் கொஞ்சம் கீழ் வேலியில் தங்கியது உண்மைதான், ஆனால் அங்கே கிடந்ததைக் கையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல். கனமானது மட்டும்தான் கீழே தங்கும். களியும் மக்கும், அதோடு ஒட்டியிருந்த உரமும் ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது. வேலியில் சேர்ந்த மண்ணை மேலே சுமந்து கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த ஓய்வுபெற்றவர் இன்னொரு கணக்கையும் உட்கார்ந்து காட்டினார். விஷ்மையர், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனைப் பாத்திகளில் பல வருடம் எடுத்த ஆயிரக்கணக்கான அளவுகளை வைத்து உருவாக்கிய சமன்பாடு ஒன்று உண்டு, 1978-ல் அவர்கள் அதை விரிவான கையேடாகவே கொடுத்தார்கள், 1997-ல் அதன் திருத்தம் வந்தது. மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தரை மூடாக்கு, காப்பு வேலைகள், இவற்றை எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கு என்பதுதான் அதன் சாரம். கூட்டல் இல்லை, பெருக்கல். அதனால் ஏதாவது ஒன்று மிகச் சிறியதாக இருந்தால் மற்றவை பெரிதாக இருந்தாலும் விடை சிறியதாகிவிடும். எங்கள் இரண்டு துண்டையும் அதில் போட்டோம். செங்குத்துக்காகத் தேயிலைத் துண்டின் எண் கேரட் துண்டைப்போல இரண்டரை மடங்குக்கும் சற்று மேல் வந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நீளம்? தேயிலையில் பத்து மீட்டருக்கு ஒரு கான் இருக்கிறது, தண்ணீர் பத்து மீட்டர் ஓடியதும் நின்றுவிடுகிறது. கேரட் நிலத்தில் கானை மூடியபின் மேலிருந்து கீழே எழுபது மீட்டர் தடையே இல்லை. நீளத்துக்கான எண் கேரட் துண்டுக்கு மூன்று மடங்குக்கும் மேல். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 45 சதவீதத் தேயிலையைவிட 17.5 சதவீதக் கேரட் நிலம் சற்று அதிக ஆபத்தில் இருந்தது, மூடாக்கைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே.

மூடாக்கு வந்தபோது ஒப்பிடவே முடியாமல் போனது. பயிரில்லாத உழுத நிலத்துக்கு அந்த எண் 1. இலை உதிர்ந்து தரையை மூடிய நல்ல காட்டுக்கு அது 0.01-க்கும் கீழே. நன்றாக மூடி வளர்ந்த தேயிலை, கவ்வாத்து வெட்டிய குச்சியும் இலையும் அடியில் கிடந்தால், கிட்டத்தட்ட அந்தக் காட்டின் பக்கம் போகிறது. பதினைந்து நாள் கேரட் உழுத நிலத்தின் பக்கம் நிற்கிறது. ஒரு பெரிய மழைத்துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையில் மோதும், வெறும் மண் என்றால் மண்கட்டியைச் சிதறடித்து அந்தத் தூளால் மேல்துளைகளை அடைத்துவிடும், அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். அறுப்பு தொடங்குவது ஓடும் தண்ணீரில் இல்லை, விழும் துளியில்.

இதில் ஒரு விஷயம் இங்கே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிலத்தில் சில்வர் ஓக் நிறைய நிற்கிறது, மண் போகாது என்பார்கள். உயரமான மரத்தின் இலையில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரிதாக இருக்கலாம், உயரம் இருந்தால் வேகமும் பிடித்துவிடும். மண்ணைக் காப்பது உயரத்தில் இருக்கும் இலை இல்லை, தரையில் கிடக்கும் இலை. மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருக்கும் தோட்டங்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

ஆகவே ஆபத்தை மதிப்பிடும்போது வருடத்துக்கு ஒரு எண் போட்டால் போதாது. நான் ஒரு காலண்டரில் இரண்டு கோடு வரைகிறேன், எந்தெந்த வாரம் தரை வெறுமையாக இருக்கும் என்று ஒன்று, எந்தெந்த வாரம் கனமழை வரும் என்று இன்னொன்று. நீலகிரியில் இது ஊருக்கு ஊர் மாறும். மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பர்தான் கண்டம். 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் 82 சென்டிமீட்டர் பதிவானதையும், அந்த வாரம் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. கேரட் முளைத்துத் தரையை மூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் விதைத்தால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. நான் செய்தது அதுதான். இப்போது விதைப்பை முன்னால் இழுத்துவிட்டேன், அக்டோபர் தொடங்கும்போது தழை தரையை மூடியிருக்கும்படி. முடியாத வருடம் அந்தத் துண்டில் கேரட்டே கிடையாது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரியின் சிவப்பு மண் இயல்பில் நல்ல மண், கட்டி கட்டியாக, தண்ணீரை நிறையக் குடிக்கும். தேயிலைக்கு அடியிலிருந்து ஒரு கோலி அளவு மண்கட்டியும் கேரட் நிலத்திலிருந்து ஒன்றும் எடுத்து நிழலில் காயவைத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போட்டேன். தேயிலை மண் அரைமணி நேரம் கழித்தும் கட்டியாகவே இருந்தது. கேரட் மண் இரண்டு நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து உட்கார்ந்துவிட்டது. ஒரே மலை, ஒரே மண், நடுவில் பத்தடிகூட இல்லை. டில்லரை மூன்று தடவை ஓட்டியதில்தான் இந்த வித்தியாசம். ஆய்வகத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே எல்லோரும் செய்யக்கூடிய சோதனை இது, பைசா செலவில்லை.

எங்களிடம் பல வருடமாக வேலைக்கு வரும் ஒரு அக்கா, இந்த அளவுகோல் எல்லாம் இல்லாமலே நிலத்தைப் படிப்பார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தக் கல்லைப் பாருங்க" என்றார். சின்னக் கல் ஒன்று ஒரு விரல்கடை உயர மண் தூணின் மேல் உட்கார்ந்திருந்தது. கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்திருக்கிறது, சுற்றியிருந்தது துளி பட்டுப் போயிருக்கிறது, அந்தத் தூணின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மண் போயிருக்கிறது. கீறல் எதுவும் விழாத இடத்தில்கூட இந்தத் தூண்கள் நின்றன. நான் மேலே போட்ட ஐந்தரை யூனிட் கணக்கில் இது சேரவே இல்லை. சோப்பு சீவுகிற மாதிரி நிலம் முழுக்க மெல்லிசாகப் போவதை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்கும்போது அடிமண் வெளுப்பாகத் தெரியும்.

அவரிடம் கற்ற மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன். செடியின் அடி இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், மண் தெறித்து ஒட்டியிருந்தால் தரை திறந்து கிடக்கிறது. வேலியோரப் புதர்களின் வேர் எவ்வளவு வெளியே தெரிகிறது, எந்தப் பக்கம் தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் கல் அதிகமாக முளைக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம், கல் முளைக்கவில்லை, மண் இறங்குகிறது. ஒரே விதை, ஒரே உரம், ஆனால் நிலத்தின் கீழ்ப்பகுதியில் கேரட் தடியாகவும் மேல்பகுதியில் சோகையாகவும் இருந்தால் மேல்மண் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாம் புதிதாக ஒரு நிலம் வாங்கப் போகும்போது அரைமணி நேரத்தில் பார்த்துவிடக் கூடியவை.

எல்லாவற்றையும்விட நல்லது குடையை எடுத்துக்கொண்டு மழையில் நடப்பது. வெயிலில் பார்க்கும் நிலம் வேறு, மழையில் அது காட்டும் முகம் வேறு. நான் இப்போது கனமழை தொடங்கிய இருபதாவது நிமிடம் போய்விடுவேன், மேலே சாலை வளைவிலிருந்து ஓடை வரை. எங்கே தண்ணீர் ஒன்றுசேர்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று பார்ப்பேன். தெளிவாக வந்து கலங்கலாகப் போகும் இடம்தான் மண் கொடுக்கும் இடம். மூன்று இடத்தில் ஒரே மாதிரி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, மறுநாள் அடியில் எவ்வளவு வண்டல் என்று பார்க்கிறேன். இடி, மின்னல் இருந்தால் போக வேண்டாம், செங்குத்தான இடத்தில் இருட்டில் போகவே வேண்டாம்.

சரி, என்ன செய்தேன். முதலில் தலைப்பக்கம் கான், மேல் தண்ணீரை வாங்கி ஓரமாக ஓடைக்கு இறக்குவதற்கு. அனுமதியில்லாமல் இங்கே சரிவில் ஜேசிபி இறக்க முடியாது, இறக்கவும் கூடாது, கையால்தான் வெட்டினோம். மட்டம் பார்க்க அப்பாவே ஒரு ஏ வடிவச் சட்டம் கட்டினார், மூன்று மூங்கில், நடுவில் தூக்குக்குண்டு. சட்டத்தை ஒரு இடத்தில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பில் எங்கே படுகிறதோ அங்கே கோடு போட்டு, இரண்டு காலையும் இடம் மாற்றி வைத்து மறுபடி கோடு போட்டால், இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள புள்ளிதான் மட்டம். அதை வைத்து நடந்துகொண்டே முளை அடிக்கலாம். முழு மட்டமாக வெட்டவில்லை, நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் கொடுத்தோம். தண்ணீர் நிற்காமல், ஓடாமல், நடந்து போக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போக முடியாது. மண் அரிப்பும் நிலச்சரிவும் ஒன்றில்லை. அந்தச் சமன்பாடு நிலச்சரிவைக் கணக்கில் எடுப்பதில்லை, பெரிய பள்ளம் அறுப்பதையும் எடுப்பதில்லை. சமவெளியில் நல்லதென்று சொல்கிற மாதிரி செங்குத்தான, மண் ஆழமான மலைச்சரிவில் பெரிய குழிகளாக வெட்டித் தண்ணீரைத் தேக்கினால், உள்ளே இறங்கும் தண்ணீர் மண்ணின் எடையைக் கூட்டி, பிடிப்பைத் தளர்த்தி, சரிவையே கீழே இறக்கிவிடலாம். மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ அடியில் வளைந்தோ நின்றால், சரிவின் தலைப்பக்கம் நிலம் விரிசல் விட்டால், புதிதாக ஒரு இடத்தில் ஊற்று கசிந்தால், அது வேறு வகை ஆபத்து, குழி எதுவும் வெட்டாமல் தெரிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். உதகமண்டலத்தில் 1954-லிருந்து மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் இருக்கிறது. மலைச்சரிவுக்கென்றே பல பத்து ஆண்டுகளாக வேலை செய்பவர்கள், அவர்களைப் போன்றவர்களைக் கேட்காமல் சொந்தமாகச் செங்குத்தில் கை வைக்க வேண்டாம்.

பழைய ஆறு கான்களில் நான்கைத் திறந்தேன். கானின் கீழ்க்கரையில் புல் வைத்தேன், அது மண்ணையும் பிடிக்கும், பக்கத்து வீட்டு மாட்டுக்கும் ஆகும். பாத்திகளைக் குறுக்கே திருப்பினேன், அதே ஒரு சதவீத இறக்கத்தோடு. கிழங்கு அழுகும் என்று பயந்தது உண்மைதான், முழு மட்டத்தில் போட்ட ஒரு மூலையில் அழுகியது, இறக்கம் கொடுத்த இடத்தில் அழுகவில்லை. டில்லர் ஒரு ஓட்டுதான். நடைவழிகளில் தேயிலைக் கவ்வாத்துக் குச்சியையும் காய்ந்த புல்லையும் பரப்புகிறோம். தரையில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே மண் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும், முழுக்க மூட வேண்டியதில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு இது நடக்கிற காரியம் என்று தோன்றியது, ஏனென்றால் எண்பது சென்ட்டுக்கும் மூடாக்கு சேர்ப்பது எங்களால் ஆகாது. படித்தளம் வெட்டவில்லை, அதற்கு ஆகும் கூலி எங்கள் சக்திக்கு மேல். வெட்ட முடிந்தவர்கள் தளம் உள்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்படி வெட்டுங்கள், வெளிப்பக்கம் சாய்ந்த படி ஒவ்வொரு மழைக்கும் தன் விளிம்பைத் தானே அறுத்துக்கொள்ளும்.

விளைவு தெரிய ஒரு அடி நீளக் கம்பிகள் இருபது அடித்து வைத்திருக்கிறேன், தலை 5 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி, கொத்து படாத இடங்களில். மழைக்காலம் முடிந்ததும் அளந்து நோட்டில் எழுதுகிறேன். கடந்த வருடம் பெரும்பாலான கம்பிகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் மாற்றம். இரண்டு கம்பிகள் மட்டும் மோசம், இரண்டும் நான்காவது கானுக்குக் கீழே, கான் இல்லாமல் விட்ட நீளத்தில். அங்கே ஐந்தாவதைத் திறக்கப் போகிறேன். இன்னொரு இழப்பையும் இப்போதுதான் கவனிக்கிறேன். கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் கழுவும் மெஷின்களுக்கு அடியில் ஓடும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள், அதில் எங்கள் நிலமும் இருக்கிறது. அதனால் பிடுங்கிய உடனே மூட்டை கட்டாமல் நிலத்திலேயே தட்டி உதிர்க்கச் சொல்கிறேன்.

மேல் தோட்டத்துக்காரர் போன வாரம் வந்தார். அவரும் தேயிலையை எடுக்க யோசிக்கிறாராம். எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, விலை அப்படி. கானைக் காட்டி நடந்ததைச் சொன்னேன், அந்த போட்டோவையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த ஏ சட்டத்தை எடுத்துக்கொண்டு அப்பாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். அப்பா பழைய தூக்குக்குண்டு நூலை மாற்றிப் புது நூல் கட்டிவிட்டார்.